நாலு வரிசை டூல்பார்

எங்கள் ஊர் பத்திர ஆபீசுக்கு எதிரே ஜெனிட்டாவின் டைப்பிங் சென்டர். பக்கத்துக் கடையில் நான் ஸ்டாம்ப் பேப்பர் விற்கிறேன். அவளைப்போல ஒரு வாத்திச்சியை நான் பார்த்ததில்லை. இதை எந்தச் சபையிலும் சொல்வேன்.

அவளிடம் கம்ப்யூட்டர் படிக்க வந்தவர் வேலாயுதம். முப்பது வருஷம் கையால் பத்திரம் எழுதியவர், அவளைவிட இருபது வயது மூத்தவர். புதிதாகக் கற்றுக்கொண்ட ஒவ்வொரு பட்டனையும் திரையின் உச்சியில் இருக்கும் டூல்பாரில் கொண்டுவந்து வைத்துவிடுவார். நாலு வரிசை ஆகிவிட்டது. அதற்குக் கீழே பத்திரம் ஐந்தாறு வரி தெரியும், அவ்வளவுதான்.

ஜெனிட்டாவின் திரையில் மூன்றே பட்டன்.

"உங்களுக்குத் தெரியாத பட்டனே கிடையாது டீச்சர். பொறகு ஏன் இப்படி மொட்டையா வச்சிருக்கீங்க?"

"வேலையப் பாருங்க அண்ணாச்சி."

அந்நேரம் சொர்ணத்தாய் தன் அண்ணனோடு வந்தாள். அவள் குடியிருக்கும் வீடு அண்ணன் பேரில் இருந்தது. அதை அவளுக்குத் தானமாக எழுதிக் கொடுக்க ஒருவழியாகச் சம்மதித்திருக்கிறான்.

"சீக்கிரம் அடிங்கய்யா. சாயங்காலம் மதினி ஊர்லருந்து வந்துட்டா அண்ணன் கையெழுத்துப் போடாது."

அண்ணன் ஆமாமென்று தலையாட்டினான்.

வேலாயுதம் நேற்று அடித்த பத்திரத்தைத் திறந்து, அதன்மேலேயே பெயர்களை மாற்றினார். பத்திரம் எழுதுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். பட்டன் பட்டனாகத் தட்டினார். என்ன வேகம்! அரை மணியில் முடித்துவிட்டு மீசையைத் தடவினார்.

"பிரிண்ட் போடவா டீச்சர்?"

ஜெனிட்டா எழுந்து வந்தாள். மவுஸை வாங்கி ஒரு வரிசையை எடுத்தாள்.

"ஐயையோ, ஒரு வாரமா பாத்துப் பாத்து அடுக்கினது!"

அடுத்த வரிசையையும் எடுத்தாள். அதற்கடுத்ததும் போயிற்று. நாலாவதும் போனபோது திரை முழுக்கப் பத்திரம்தான்.

"இப்ப சத்தமா வாசிங்க."

வாசித்தார். மேலே, வீட்டைப் பெறுபவர் சொர்ணத்தாய். கீழே, அந்த வீட்டை இன்றிலிருந்து ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியவர் இசக்கிமுத்து. இசக்கிமுத்து நேற்று வந்த ஆள். இரண்டு பெயரையும் வேலாயுதம் ஒருசேரப் பார்க்கவே இல்லை.

"அடப்பாவி, எம் வீடு!" சொர்ணத்தாய் நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

வேலாயுதத்துக்கு வேர்த்துக் கொட்டியது. கீழே இருந்த பெயரைத் திருத்தினார். மூன்று மணிக்குள் பதிவு முடிந்துவிட்டது. சொர்ணத்தாய் ஜெனிட்டாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவர்கள் போனதும் வேலாயுதம் கும்பிட்டார். "இந்தப் புத்தியோடயே பொறந்திருக்கீங்க டீச்சர்."

"இல்ல அண்ணாச்சி. நானும் அஞ்சு வரிசை வச்சிருந்தேன். எடுத்துவிட ஆள் இல்ல."

"அப்ப உங்க பத்திரம் தப்போடயே பதிவாயிட்டா?"

"ஆயிட்டு. திருத்திக் கையெழுத்துப் போடுறதுக்குள்ள எழுதிக் கொடுத்தவர் செத்துட்டார்."

"யாருக்குச் சேர வேண்டிய வீடு டீச்சர்?"

"எங்க அம்மாவுக்கு."