ஐப்பசித் தவணை

தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாருகிற பேச்சித்தாய்க்கு நாலு இடத்தில் கடன். கடன்காரர்கள் வாசலில் நின்று ஏசிவிட்டுப் போன மறுநாள், 'கடன் தீர்த்துத் தரப்படும்' என்று பெரிய போர்டு மாட்டியிருந்த தனக்கோடியிடம் போனாள். அங்கே ஏழெட்டு உப்பளத்துப் பெண்கள் ஏற்கெனவே காத்திருந்தார்கள்.

தனக்கோடி அவளை ஒன்றும் விசாரிக்கவில்லை. ஒரு தாளை நீட்டினார்.

"மாசம் ஆறாயிரம், மூணு வருஷம். ஒரு மாசம் தப்பினாலும் ஈடா எழுதின வீடு போயிரும். என் ஃபீஸ் பத்தாயிரத்தை இப்பவே வச்சிட்டுக் கையெழுத்துப் போடு."

"போடுதேன் அண்ணாச்சி. ஃபீஸை மட்டும் ஐப்பசியில வாங்கிக்கிடுங்க. பன்னெண்டாயிரமாத் தாரேன்."

தனக்கோடி சிரித்தார். "என்னைக் கேணயன்னு நெனச்சியா? ஐப்பசி மழையில உப்பளமே தண்ணிக்குள்ள கெடக்கும். உனக்குக் கூலி ஏது? எதை நம்பி நான் விடுவேன்?"

"அப்ப இந்தத் தாள்ல ஐப்பசித் தவணையை எதை நம்பி எழுதினீங்க?"

காத்திருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். மேசையில் ஃபீஸை வைத்திருந்தவள் அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பேச்சித்தாய் அடுத்து கோர்ட்டுக்குப் போனாள். அங்கே இலவச ஆலோசனை சொல்கிற வக்கீலம்மா முதலில் கேட்டது இதுதான்: "வருஷத்துல எத்தனை மாசம் உப்பு வாருவீங்க?" அதைக் கேட்ட பிறகுதான் பேச்சித்தாய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வக்கீலம்மா கடன்காரர்களைக் கூப்பிட்டுப் பேசினார். ஐந்து வருஷத் தவணை. மழை மாதங்களில் கட்ட வேண்டாம். அந்த ஐந்து வருஷமும் பேச்சித்தாய் புதுச்சேலை எடுக்கவில்லை, கூரை ஓடுகளை மாற்றவில்லை. வீடு ஐப்பசிதோறும் ஒழுகுகிறது. ஆனால் அவள் பேரில்தான் இருக்கிறது.