தவமலரின் தோள் நோவு

பாரிசுக்கு வெளியே, ரயில் பாதையை ஒட்டின ஒரு பழைய மண்டபத்தில் சனிக்கிழமைகளில் பிரெஞ்சு வகுப்பு நடக்கும். படிக்க வருகிறவர்கள் எல்லாம் எங்கடை சனம்தான். தலை நரைத்தவர்கள், பேரப்பிள்ளை கண்டவர்கள். படிப்பிக்கிற ஷாமினி ரீச்சருக்கோ முப்பது வயதுகூட இராது. அதனால் என்ன, ரீச்சர் ரீச்சர்தான். அவ உள்ளே வந்தால் எல்லாரும் எழும்பி நிற்பார்கள். அவ கூச்சப்பட்டு, "இருங்கோ, இருங்கோ" என்று கையைக் காட்டுவா.

தவமலர் அந்த வகுப்பில் சேர்ந்தது ஒரேயொரு சொல்லுக்காக.

ஒருநாள் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. வலது மார்பில் ஒரு கட்டி, புளியங்கொட்டை அளவில். ஊரில் பக்கத்து வீட்டு இராசம்மாக்காவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. மனுசி ஒருவருக்கும் வாய் திறக்காமல் வைத்திருந்து செத்தே போனா.

டொக்டரிடம் போகலாம்தான். ஆனால் பேசுவது யார்? இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் அவளுக்காக வாய் திறக்கிறவன் மகன் துவாரகன். பாங்க் என்றாலும் அவன், டொக்டர் என்றாலும் அவன். பெற்ற பிள்ளையிடம் இதை எந்த வாயால் சொல்வது? செத்துப்போன புருசன் உயிரோடு இருந்திருந்தாலும் சொல்லியிருப்பாளோ தெரியாது.

"தம்பி, வலது தோள் நோகுதடா," என்று சொல்லிவிட்டாள்.

அவன் டொக்டரிடம் அதையே பிரெஞ்சில் சொன்னான். டொக்டர் தோளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், படம் எடுப்பித்தார். தோளில் ஒரு குறையும் இல்லை. அவர் விடுகிற ஆளும் இல்லை. பூசக் களிம்பு தந்தார், பிடித்து உருட்டிவிட ஒரு வெள்ளைக்காரப் பெடியனிடம் அனுப்பினார். அவனும் பாவம், கிழமை தவறாமல் வஞ்சகமில்லாமல் உருட்டினான். ஏற்கெனவே நல்ல தோள், இப்போது குமரிப்பிள்ளையின் தோள் மாதிரி ஆகிவிட்டது. கட்டி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

துவாரகனுக்கு ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை. ஒவ்வொரு முறையும் லீவு கேட்டு, முதலாளியிடம் பேச்சும் வாங்கிக்கொண்டு கூட வருவான். "இப்ப தோள் எப்பிடியம்மா?" என்று அவன் கேட்கும்போதெல்லாம், நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருக்கும் அவளுக்கு. முன்னே ஒரு வெட்கம்தான் இருந்தது. இப்போது பிள்ளைக்குப் பொய் சொன்ன வெட்கமும் சேர்ந்துகொண்டது.

நானே தனியப் போய் நானே சொல்லுவம் என்றுதான் வகுப்பில் சேர்ந்தாள்.

அந்தச் சனிக்கிழமை உடம்புப் பாடம். ரீச்சர் பலகையில் ஒரு ஆளைக் கீறி, கோலை வைத்து வைத்துச் சொல்லித்தந்தா. தலை, லா தெத். தோள், லெபோல். எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில் சொன்னார்கள். லெபோலுக்குத் தவமலரின் குரல்தான் உரத்துக் கேட்டது. கேட்காதா பின்னே, டொக்டரிடம் போகும்போதெல்லாம் அவள் காதில் அதிகம் விழுந்த சொல்லே அதுதானே.

கோல் தோளிலிருந்து கீழே இறங்கியது. பின்வரிசை வாங்கில் இருந்த அன்னலிங்கம் அண்ணை தொண்டையைச் செருமினார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரீச்சர் சிரிக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. சொல்லைப் பலகையில் எழுதினா.

"எல்லாரும் சொல்லுங்கோ பாப்பம்."

தவமலரின் பேனை கீழே விழுந்தது. விழுந்தது என்ன விழுந்தது, அவளே தட்டிவிட்டாள். மேசைக்கு அடியில் குனிந்து, காலடியில் கிடந்த பேனையைத் தேடு தேடென்று தேடினாள். காது இரண்டும் நெருப்பாய் எரிந்தது. நிமிர்ந்தபோது வகுப்பு வயிற்றுக்குப் போய்விட்டது.

எந்தச் சொல்லுக்காக வந்தாளோ அந்தச் சொல் தலைக்கு மேலாலே போனது. சீ, நீயும் ஒரு மனுசியோ என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு அவள் மட்டும் நின்றாள்.

"பலகையை நான் துடைச்சுவிடுறன் ரீச்சர்."

துடைக்கிற சாட்டில் வாசித்துவிடலாம் என்பது எண்ணம். துடைப்பானை எடுத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் போய் நின்றாள். அந்த நேரம் பார்த்துத்தானா அன்னலிங்கம் அண்ணை மறந்துபோன குடையை எடுக்க வரவேண்டும்! அவருடைய செருப்புச் சத்தம் கேட்டதும் அவள் கை தானாகப் போய், அந்தச் சொல்லைத்தான் முதலில் அழித்தது. பிறகு மளமளவென்று உச்சியிலிருந்து துடைக்கத் தொடங்கினாள்.

அண்ணை குடையோடு போய்விட்டார். ரீச்சர் கதவைச் சாத்தினா.

"அன்ரி, வகுப்பிலை சேரேக்கை தோள் நோவெண்டு சொன்னனீங்கள். எந்தத் தோள்?"

"வலது தோள், ரீச்சர்."

"இப்ப எந்தக் கையாலை துடைக்கிறியள்?"

தவமலர் மேலே பார்த்தாள். துடைப்பான் வலது கையில், தலைக்கும் மேலே இருந்தது. கையை மெல்லக் கீழே இறக்கினாள். ரீச்சரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ரீச்சர்," என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. "ஒரு இடத்தின்ரை பேரைச் சொல்லாமல் டொக்டருக்கு விளங்கப்படுத்த ஏலாதோ? பிரெஞ்சிலை அதுக்கொரு வழி இல்லையோ?"

ரீச்சர் கதிரையில் இருந்தா. தன் முழங்காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டா.

"நான் வருத்தக்காரி. நீங்கள் டொக்டர். எங்கை நோகுதெண்டு கேளுங்கோ."

"எங்கை நோகுது?"

"காதிலை."

தவமலர் காதைப் பார்த்தாள். "ஒண்டும் இல்லையே."

"வடிவாப் பாருங்கோ டொக்டர். உயிர் போகுது."

"காது நல்லாத்தான் இருக்குது ரீச்சர்."

"மருந்து விடுங்கோ. மற்றக் காதுக்கும் விடுங்கோ. ஐயோ, ஐயோ!" ரீச்சர் முழங்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடினா.

தவமலருக்குப் பொறுக்கவில்லை. "முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு காது காதெண்டு கத்தினால், டொக்டர் என்ன சாத்திரம் பாக்கிறவரோ?"

சொன்ன பிறகுதான் அவள் சொன்னது அவளுக்கே கேட்டது. ரீச்சர் முழங்காலை விட்டா.

"கட்டி, ரீச்சர்." கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "மூண்டு மாசமாக் கிடக்கு."

"எங்கை?"

"பிள்ளைக்குப் பால் குடுக்கிற இடத்திலை."

"அதுக்குப் பேர் இல்லையோ?"

"இருக்கு."

"தமிழிலை சொல்லுங்கோ."

மூன்று பிள்ளை பெற்று வளர்த்தவள், அந்தச் சொல்லை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வெளியே ரயில் ஒன்று வந்தது. நல்லதாய்ப் போயிற்று என்று அந்தச் சத்தத்துக்குள்ளே சொல்லி முடித்தாள். ரயில் போய் முடியுமட்டும் ரீச்சர் காத்திருந்தா.

"கேக்கேல்லை அன்ரி."

தவமலர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"முலையிலை," என்றாள்.

கூரை இடிந்து விழவில்லை. ரீச்சர் எழும்பி, துடைத்த பலகையில் அந்தப் பிரெஞ்சுச் சொல்லைத் திரும்பவும் எழுதினா. "லு சேன்," என்று வாசித்தும் காட்டினா.

"இவ்வளவு சின்னச் சொல்லோ!"

"ஓம்."

தவமலர் சொல்லிப் பார்த்தாள். முதலில் வாய்க்குள்ளே, பிறகு வெளியே. பையைத் தோளில் கொழுவிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"திங்கக்கிழமை விடியவே தனியப் போறன் ரீச்சர். இண்டைக்கு இரவு தம்பிக்கும் சொல்லத்தான் வேணும். ஆனால் இவ்வளவு நாளும் தோள் தோளெண்டு சொல்லிப்போட்டு, இப்ப போய் இதைச் சொன்னால் அந்த டொக்டர் என்ன செய்வார்?"

"முதல், உங்கடை தோளை விடுவார்," என்றா ரீச்சர்.