வெட்டிய வேரை மறைத்தவன்

ராஜாக்கள் யானைமேல் ஏறி ஊர் பார்க்கப் போன காலத்துக் கதை இது. எல்லோரும் கேட்கலாம், தப்பு செய்துவிட்டு முழிக்கிறவர்கள் கொஞ்சம் கிட்ட வந்தே கேட்கலாம்.

குவளைமலை ராஜாவுக்கு மாறவேளான் என்று ஒரு தோட்டத் தலைவன் இருந்தான். ஒருநாள் மலையுச்சிப் பாறை வெடிப்பில் ஒரு இச்சி மரத்தைப் பார்த்தான். நூறு வயது இருக்கும். உயரமோ முழங்கால் அளவுதான். ஆண்டுக்கொருமுறை இலை உதிர்த்துத் துளிர்க்கிற சாதி. இதைத் தொட்டியில் வைத்து ராஜாவிடம் காட்ட அவனுக்குக் கை பரபரத்தது.

முறை தெரிந்தவர்கள் ஒரு பக்கத்து வேரை மட்டும் அறுத்துவிட்டு, புது வேர் விட ஒரு வருஷம் காத்திருப்பார்கள். மாறவேளானுக்கு ஒரு நாள் பொறுமைகூட இல்லை. கோடரியால் நாலே வெட்டு. மிஞ்சிய கட்டைவேரைத் தொட்டி மண்ணில் புதைத்து, மேலே பாசியைப் பரப்பினான்.

"வேர் சேதமில்லாம எடுத்தியா?" என்றார் ராஜா.

"ஒரு நூல் வேர்கூட அறுபடலை, மகாராஜா."

ராஜா மகிழ்ந்து அவனுக்குப் பட்டுப் போர்த்தினார்.

பத்தே நாளில் இலை ஓரம் கருகியது. ராஜா ஏன் என்று கேட்டார். வெயில் என்றான், நிழலுக்கு மாற்றினான். இலை மஞ்சளாகிச் சுருண்டது. மறுபடி கேட்டார். மண்ணில் சத்தில்லை என்றான். புண்ணாக்கை அள்ளிக் கொட்டினான். இலை கொத்துக் கொத்தாய் உதிர்ந்தது. மூன்றாம் முறை ராஜா முகம் சிவந்து கேட்டபோது, "தண்ணி ஊத்துறவ செம்பாயிதான்" என்று சொல்லிவிட்டான். பாவி!

அன்றோடு அவள் வேலை போயிற்று.

செம்பாயி அழவில்லை. அவனிடம் வந்து நின்றாள். "முழு வேரோட வந்த மரம்னு நீங்கதானே சொன்னீங்க, ஐயா? அதுக்கேத்த அளவுதான் ஊத்தினேன். வேர் கம்மின்னா தண்ணி தேங்கி அழுகிடும். நெசமா எவ்வளவு வேர் இருக்கு? நான் போனா போறேன், மரம் பிழைக்கட்டும்."

அவன் தொட்டிப் பாசியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டான். அவள் போய்விட்டாள்.

அதன்பின் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மரத்தைப் பார்த்தாலும் வெட்கம், பார்க்காவிட்டாலும் வெட்கம். மூன்று நாள் தாங்கினான். நான்காம் நாள் மரத்தில் ஒரே ஓர் இலைதான் மிச்சம். நேரே சபைக்குப் போய், ராஜா போர்த்திய பட்டுத் துணியைக் கழற்றி வைத்தான்.

"வேரை வெட்டினதும் நான், மறைச்சதும் நான், அவ மேல பழி போட்டதும் நான்தான், மகாராஜா."

ராஜா ஆளனுப்பிச் செம்பாயியை அழைத்து, தோட்டத்தை அவள் பொறுப்பில் விட்டார். அவளுக்குக் கீழே மாறவேளான். அவள் புண்ணாக்கை வழித்தெடுத்தாள், அழுகிய வேரை நறுக்கினாள், மரத்தை ஆற்று மணலில் நட்டு நிழலில் வைத்தாள். "இனிமே யாரும் இதை நோண்டக்கூடாது" என்றாள்.

மழைக்காலம் வந்ததும் மரம் துளிர்த்தது. ஊரே வந்து பார்த்தது. செம்பாயி ஒருநாளும் அவனைக் குத்திக்காட்டவில்லை. தினமும் காலையில், "மண்ணு காஞ்சிருக்கா, ஐயா?" என்று அவனைத்தான் கேட்பாள். அவன் சொன்னதை நம்பி, விரல் வைத்துக்கூடப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றுவாள். அப்போதெல்லாம் மாறவேளான் கூனிக்குறுகிப் போவான்.

தன் தப்பை மறைக்கிறவன், அதைச் சரிசெய்ய வருகிறவரின் கையையும் கட்டிப்போடுகிறான்.