தலை குனியாத நெல்

நுரையாற்று நாட்டை ஆண்ட பெருநம்பி மன்னர் நல்லவர்தான். ஆனால் அண்டை நாட்டில் ஒன்று இருந்து தன் நாட்டில் இல்லையென்றால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அங்கே போய்வந்த தூதர் சும்மா இருந்திருக்கலாம். "அவர்கள் கல்விச்சாலையில் பயிர் ஆராய்ச்சிக்குக் கண்ணாடிக் கூடமே கட்டியிருக்கிறார்கள், மகாராஜா" என்று சொல்லிவைத்தார்.

"நம் கல்விச்சாலையில்?"

"கீற்றுப் பந்தல். பாதிக் கீற்று காற்றோடு போய்விட்டது."

மன்னருக்கு மானம் போய்விட்டது. கருவூலத்தைத் திறந்துவிட்டார், தெளிந்த கண்ணாடி வாங்கக் கப்பலும் அனுப்பினார். கண்ணாடிக் கூடம், புது ஆய்வறை எல்லாம் கட்டும் பொறுப்பு அமைச்சர் வச்சிரபாகுவுக்குப் போனது. வச்சிரபாகுவுக்கு நெல்லைச் சோறாகத்தான் தெரியும்.

அந்தக் கல்விச்சாலையின் பண்டிதை வடிவுடையாள். ஒரு நெல்லின் மகரந்தத்தை இன்னொரு நெல்லின் பூவில் சேர்த்துப் புது ரகம் உண்டாக்குவது அவள் வேலை. நுரையாறு பொங்கினால் வயல்கள் முழுகும், பயிர் அழுகும், ஊரெல்லாம் பட்டினி. அதனால் சதுப்பில் முளைக்கும் காட்டு நெல்லோடு வீட்டு நெல்லைக் கலந்து, முழுகினாலும் அழுகாத ரகத்துக்காகப் பல வருஷம் பாடுபட்டிருந்தாள். மழை வந்து மகரந்தத்தைக் கழுவிக்கொண்டு போன நாட்களில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். கண்ணாடிக் கூடம் என்றதும் அவளைவிடச் சந்தோஷப்பட்டவர் யாருமில்லை.

திறப்பு விழாவுக்கு முன் கூடத்தைப் பார்க்க வந்தான் அரண்மனை விகடகவி உத்தண்டி. வாசலில் பளிங்கு யானைகள். உள்ளே தாமரைத் தூண்கள். பட்டப்பகலில் விளக்கு எரிந்தது.

"பகலில் எதற்கம்மா விளக்கு?"

வடிவுடையாள் மேலே கை காட்டினாள். கூரைக் கண்ணாடி முழுக்க மன்னரின் திருமுகம். கனத்த சாயத்தில், மீசை மட்டுமே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை.

"வெயில் துளிகூட இறங்கவில்லை ஐயா. அமைச்சரிடம் சொன்னால், மன்னர் முகத்தைவிட உன் பயிருக்கு வேறென்ன வெளிச்சம் வேண்டும் என்கிறார்."

"ஆய்வறையாவது உருப்படியா?"

"மேஜை முழுக்க மயில் செதுக்கியிருக்கிறார்கள், சட்டி வைத்தால் சாய்கிறது. உருப்பெருக்கிக்குத் தங்கக் கைப்பிடி. களவு போய்விடுமென்று கருவூலத்தில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்."

உத்தண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. "நெல் எப்படி இருக்கிறது?"

"இங்கே நட்டது எல்லாம் மணி பிடிக்காத பதர். பந்தலில் கொஞ்சம் ஒளித்து வளர்த்தேன், அது விளைந்துவிட்டது. ஆனால் விழா முடிந்ததும் பந்தலைப் பிரிக்கப்போகிறார்கள். கூடம் வந்தாயிற்று, இனிப் பண்டிதை எதற்கென்று என் இடத்தில் அமைச்சரின் மைத்துனரை வைக்கிறார்கள். இந்தப் பதரைத்தான் விதை என்று ஜனங்களுக்குக் கொடுப்பார்கள்."

"மன்னரிடம் சொல்ல வேண்டியதுதானே?"

"உங்கள் முகம் பட்டுப் பயிர் கெட்டதென்று யார் ஐயா போய்ச் சொல்வது?"

நியாயமான கேள்வி. உத்தண்டி தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பிறகு, "பந்தலிலிருந்து ஒரு சட்டியை எனக்குக் கொடுங்கள்" என்றான்.

விழா நாள். மேளதாளத்தோடு மன்னர் கூடத்துக்குள் நுழைந்தார். தளபதி குனிந்தார், புலவர்கள் குனிந்தார்கள், சபையே குனிந்தது.

"துரோகம்!" என்று கத்தினான் உத்தண்டி. மேளக்காரர் கையில் கோல் நின்றுவிட்டது.

"யாரடா துரோகி?"

"இதோ, வரிசையாக நிற்கிறார்களே மகாராஜா! தாங்கள் வந்தும் ஒருத்தராவது தலை குனிந்தார்களா?" அவன் காட்டியது நெற்பயிரை. கதிர்களெல்லாம் விறைப்பாக வானம் பார்த்து நின்றன.

மன்னர் முறுவலித்தார். வச்சிரபாகுவுக்கு மட்டும் வியர்த்தது. முந்திக்கொண்டு, "அது வீர நெல், மகாராஜா! நம் புதுக் கூடத்தில் விளைந்தது. யாருக்கும் வளையாது!" என்றார்.

"அப்படியானால் இது கோழை நெல்" என்று உத்தண்டி மேலாடைக்குள்ளிருந்து சட்டியை எடுத்து மன்னர் காலடியில் வைத்தான். அதில் கதிர்கள் மண்ணைத் தொடும்படி வளைந்து கிடந்தன. "பழைய பந்தல் சரக்கு. பார்த்த உடனே கும்பிடுகிறது."

மன்னர் ஒரு வீரக் கதிரைப் பறித்து உள்ளங்கையில் கசக்கினார். ஊதினார். கை காலியாகிவிட்டது. கோழைக் கதிரைக் கசக்கி ஊதினார். முத்து முத்தாக மணிகள் நின்றன. அவர் முகம் மாறியது.

"பண்டிதையே, இது ஏன் பதராயிற்று?"

வடிவுடையாள் உத்தண்டியைப் பார்த்தாள். உத்தண்டி கைகட்டி நின்றான். "நான் சொல்கிறேன் மகாராஜா. சூரியன் தினமும் வரத்தான் செய்கிறான். கூரைமேல் தங்கள் திருமுகத்தைப் பார்க்கிறான். அனுமதியில்லாமல் மன்னரைத் தாண்டி உள்ளே வர அவனுக்கு என்ன துணிச்சல்? அப்படியே திரும்பிப் போய்விடுகிறான்."

மன்னர் அண்ணாந்து தன் மீசையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "தெளிந்த கண்ணாடி வாங்கத்தானே கப்பல் அனுப்பினேன்? அது எங்கே?"

வச்சிரபாகு நெடுஞ்சாண்கிடையாக விழப் பார்த்தார், தொந்தி இடித்தது. பாதியிலேயே, தலை தொங்க வளைந்து நின்றார்.

உத்தண்டி வளைந்த கதிரையும் வளைந்த அமைச்சரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இனித் தேட வேண்டாம் மகாராஜா. உள்ளே சரக்கு நிறைந்தது எதுவோ, அதுதான் இப்படித் தானாகக் குனியும்."

மன்னர் சிரித்த சிரிப்பில் கூரையே அதிர்ந்தது. தெளிந்த கண்ணாடியை அமைச்சர் வீட்டு ஊஞ்சல் மாடத்திலிருந்து கழற்றிக்கொண்டு வந்தார்கள். அதைக் கூடத்தின்மேல் ஏற்றி மாட்டும் வரையில் வச்சிரபாகுதான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.