முட்டுக்கட்டைக்காரர் பார்த்த தேர்

"இந்த வருஷத்தோட கட்டையைக் கீழ வச்சிடுறேன் அம்மா," என்றார் வேலப்பன்.

தேர்த் திருவிழா அன்று காலை. வீதி மூலையில் இருந்த மடத்து வாசலில், தன்னைவிடப் பத்து வயது இளைய குரு வடிவம்மையின் முன் அவர் நின்றார். கையில் முட்டுக்கட்டை. ஓடும் தேரின் சக்கரத்துக்கு அடியில் அதைக் கொடுத்து, தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும்தான் அவர் தொழில்.

"ஏன்?"

"வாலிபத்துல எடுத்தது. கல்யாணத்துக்கு மறுநாளும் போட்டேன், காய்ச்சலோடயும் போட்டேன். ஒருநாளும் தப்பினதில்ல. ஆனா ஜெயிச்சோம்னு மனசுக்கு ஒரு தடவைகூடத் தோணல. வடம் இழுக்கிறவனுக்கு இருக்கிற சந்தோஷம்கூட எனக்கு இல்ல."



"தேர் ஓடும்போது எப்படி இருக்கும்?" என்று கேட்டார் வடிவம்மை.

"சக்கரம் கட்டையைக் கடிக்கும். புகை வரும். அச்சு முனகும்..."

"நான் தேரைக் கேட்டேன்."



நிற்கிற தேரை எத்தனையோ முறை சுற்றி வந்தவர்தான் வேலப்பன். ஆனால் சக்கரத்தை விட்டுக் கண்ணெடுத்து, ஓடுகிற தேரை அவர் பார்த்ததே இல்லை. ஊர் உலகமெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்க்கிற தேர்.

"இந்த மூலையில மட்டும் உங்க தம்பி போடட்டும். நீங்க என் பக்கத்துல நில்லுங்க."

"அவன் கை நடுங்கும் அம்மா. கொஞ்சம் பிசகினாலும் தேர் வீட்டுக்குள்ள பூந்துடும்."

"நீங்க பழக்கின கைதானே?"

கட்டை தம்பி சொக்கனிடம் போனது.

வடம் வந்தது. கூட்டம் வந்தது. தரை அதிர்ந்தது. வேலப்பனின் கண் பழக்க தோஷத்தில் சக்கரத்துக்கே போயிற்று. சொக்கன் குனிவது தெரிந்தது.

"உள்ள தள்ளுடா, உள்ள தள்ளு," என்று முணுமுணுத்தார்.

"தலையை நிமிர்த்துங்க," என்றார் வடிவம்மை.

நிமிர்ந்தார்.

கோபுரமே எழுந்து நடந்து வந்தது. சீலைகள் படபடக்க, மணிகள் குலுங்க, வானத்தை மறைத்துக்கொண்டு நேரே அவர் மேல் வந்தது. ஒரு கணம் தயங்கியது. பிறகு மெல்ல, மிக மெல்ல, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த வீதியைப் பார்த்தது.

வேலப்பனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வழிந்த கண்ணீரைத் துடைக்கவும் தோன்றவில்லை.

பக்கத்தில் ஒரு பெண் தன் மகளைத் தூக்கிக் காட்டினாள். "பாரு, தேர் தானாத் திரும்புது."

"இதையா அம்மா, நான் இத்தனை வருஷமாத் திருப்பிக்கிட்டிருந்தேன்?" என்றார் வேலப்பன்.

வடிவம்மை கன்னத்தில் போட்டுக்கொண்டு தேரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வியர்வை சொட்டச் சொட்ட ஓடி வந்தான் சொக்கன். அடுத்த மூலைக்கு அதிக தூரம் இல்லை.

"கட்டை சரியா விழுந்துச்சா அண்ணே?"

வேலப்பன் அவன் கையிலிருந்து கட்டையை வாங்கிக்கொண்டார்.

"தெரியலடா. நான் தேரைப் பாத்துக்கிட்டிருந்தேன்."