வேகாத கொள்ளு

"சாமி, நீங்க சொன்னது பொய்."

செங்கமலம் கூடையை மடத்து வாசல்ல கவுத்தா. அம்புட்டும் ஆகாயத்தாமரை. ஏரி முழுக்க மொய்ச்சுக் கிடக்குமே, ஊதாப் பூ பூக்குமே, அதேதான்.

மடத்துல சமைக்கிறவ அவ. வாய்த்துடுக்கு. தாலி கட்டுற நேரத்துல ஐயரைப் பார்த்து, "சத்தமாச் சொல்லுங்க, என்ன சொல்றீங்கன்னு நானும் கேக்கணும்"னவ. மாப்பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டிருச்சாம். அது கிடக்கட்டும்.

அமாவாசைக்கு மருந்தடிச்சு அந்தச் செடியை ஒழிக்கப் போறேன்னு பஞ்சாயத்துத் தலைவர் சொல்லிட்டாரு. மருந்தடிச்சா மீனும்ல சாகும்? செங்கமலத்தோட அண்ணன் தம்பி அத்தனை பேரும் அந்த ஏரியில வலை போட்டுப் பொழைக்கிறவங்க. இவ போய்ச் சண்டை போட்டா. "அந்தச் செடியால ஒரு பிரயோஜனம் காட்டு, விட்டுடறேன்"னாரு.

மடத்து மாசிலாச்சாமி கிட்ட வந்து கேட்டா. "சாணி கேஸ் தொட்டியில போடு, அடுப்பு எரியும்"னாரு.

போட்டா. எரியலை.

"இருபது நாளாச்சு சாமி. மூடியைத் திறந்தா போட்டது போட்டபடி மிதக்குது. அமாவாசைக்கு இன்னும் பதினஞ்சு நாள்தான். இப்ப என்ன சொல்றீங்க?"

சாமி உள்ள போய் ஒரு கை கொள்ளு அள்ளிட்டு வந்து நீட்டினாரு.

"தின்னு."

"பச்சையாவா?"

"தின்னு."

வேற யாராவது இருந்தா, என்னமோ புரிஞ்ச மாதிரி கும்பிட்டுட்டுப் போயிருப்பாங்க. இவ அவரை முறைச்சுக்கிட்டே அம்புட்டையும் வாயில போட்டா. பாதி மென்னா, பாதி முழுங்கினா.

"தின்னாச்சு. அப்புறம்?"

"நாளைக்கு வா."

மறுநாள் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வந்தா.

"என்ன ஆச்சு?"

"போட்டது போட்டபடி வந்துச்சு."

சொன்னவ அப்படியே நின்னுட்டா. திரும்பித் தொட்டியைப் பார்த்தா.

"வேக வச்சுப் போடணுமா?"

"நான் சொன்னேனா?"

"நல்லா இருக்கு! தீ வேணும்னுதான் தொட்டி. அந்தத் தொட்டிக்கே தீ மூட்டினா விறகுக்கு எங்க போறது?"

"மத்தியானம் சோறு வடிச்சப்புறம் விறகடுப்பு என்ன பண்ணுது?"

"தணல் சும்மாதான் கெடக்கும்..."

மிச்சத்தைச் சொல்றதுக்குள்ள அரிவாள்மணையைத் தேடிப் போயிட்டா.

பொடிப்பொடியா நறுக்கினா. அண்டாவுல போட்டுத் தணல் மேல ஏத்தினா. கீரைத்தண்டு மாதிரி விரல்ல நசுங்குற வரைக்கும் விட்டு, ஆறவச்சு, தொட்டியில ஊத்தினா. தினமும்.

பன்னண்டாம் நாள் கேஸ் அடுப்பு நீலமா எரிஞ்சுது.

அமாவாசையன்னிக்குத் தலைவர் மருந்து டிரம்மோட வந்தாரு. பின்னாடியே தெளிக்கிற ஆளுங்க நாலு பேரு. செங்கமலம் இலை போட்டுச் சோறு வச்சா.

"ஏரிச் செடியில வெந்தது. சாப்பிடுங்க தலைவரே."

அவரும் ரசத்தை ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாரு. சாப்பிட்டுட்டுச் சொல்றாரு:

"ஒரு அடுப்பு எரிஞ்சா ஆச்சா? ஏரி எம்மாம் பெருசு! மருந்து அடிச்சுத்தான் ஆகணும்."

"காட்டினா விட்டுடறேன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். அதுக்கென்ன இப்ப? மீனுக்கு ஒண்ணும் ஆகாதும்மா."

"ஆகாதா?"

"ஆகவே ஆகாது."

செங்கமலம் எந்திரிச்சுப் போனா. டிரம்முல இருந்து ஒரு சொம்பு மொண்டுட்டு வந்து இலைக்குப் பக்கத்துல வச்சா.

"குடிங்க."

"ஏய், விளையாடுறியா?"

"குடிச்சு முடிங்க. நானே வழி காட்டுறேன் ஏரிக்கு."

தெளிக்கிற ஆளுங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. ஒருத்தன் தோள்ல கிடந்த மெஷினைக் கழட்டிக் கீழே வச்சான். தலைவர் சொம்பைத் தொடலை. கையைக் கழுவினாரு. டிரம்மு வந்த வண்டியிலேயே ஏறிருச்சு.

சாமி தூணோரமா நின்னு பார்த்துக்கிட்டிருந்தாரு.

"இதை யாரு சொல்லிக் கொடுத்தா உனக்கு?"

செங்கமலம் காலிக் கூடையை எடுத்து இடுப்புல வச்சுக்கிட்டு ஏரிப்பக்கம் நடந்தா.

"கொள்ளு."