நிற்கும் பசு

"முதல் பரிசு வாங்கின பொண்ணு, டீச்சர். அன்னியிலிருந்து கத்தரிக்கோலைத் தொடமாட்டேங்கறா. நான் என்ன பண்றது?"

இதைக் கேட்பதற்காகக் கனகசபை பொள்ளாச்சியில் முதல் பஸ்ஸைப் பிடித்து மலையேறி வந்திருந்தார்.

ரோஸ்லின் டீச்சர் சத்துணவுக்கூடத்து அடுப்பில் மைதாப் பசை கிண்டிக்கொண்டிருந்தார். கரண்டியை நிறுத்தவில்லை.

"வளைவுல தலை சுத்துச்சா சார்?"

"கொஞ்சம்."

"சுக்குக் காப்பி இருக்கு. குடிங்க."

கனகசபை குடித்தார். பதில் வரும் என்று காத்திருந்தார். பசை கொதித்து ஒரு குமிழ் விட்டது.

கீழே, பள்ளிக்கூடங்களில் கைவேலை என்றால் கனகசபை சார்தான். எந்தக் கண்காட்சியானாலும் அவருடைய பிள்ளைகள் செய்தவை முன்வரிசையில் இருக்கும். மற்ற ஆசிரியர்களுக்கு அவர்தான் பயிற்சி கொடுப்பார். அப்படி ஒரு பயிற்சியில் பின்வரிசை ஆள் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது: "நல்ல பொம்மை வேணும்னா சார்கிட்டப் போகலாம். பொம்மை செய்யற பிள்ளை வேணும்னா மேல எஸ்டேட்டுக்குத்தான் போகணும், ரோஸ்லின் டீச்சர்கிட்ட."

எல்லோரும் சிரித்தார்கள். கனகசபையும் சிரித்தார்.

ரோஸ்லினுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். கேட்கக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் பரிசு வாங்கிய பூவிழி வகுப்பில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்ப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"என்ன செஞ்சா அந்தப் பிள்ளை?" என்றார் ரோஸ்லின்.

"பசு. அட்டையில."

"அவளேவா?"

"அவதான் செஞ்சா. நான் கொஞ்சம் சரிபண்ணேன். எல்லாப் பிள்ளைக்கும் பண்றதுதானுங்களே. மேடையில பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. எந்திரிக்கவே இல்ல. 'அது என்னுது இல்ல'ன்னுட்டா. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

ரோஸ்லின் சட்டியை இறக்கினார்.

"உள்ள வாங்க சார். எங்க பிள்ளைங்களும் இன்னிக்கு மிருகம்தான் செய்யறாங்க."

ஒரே அறை. ஒன்றிலிருந்து ஐந்து வரை எல்லா வகுப்பும் அதில்தான். தரையில் பாய். நடுவில் பழைய அட்டைப் பெட்டிகள், சிமெண்டு மூட்டைக் காகிதம், பாட்டில் மூடிகள், ஈர்க்குச்சிகள்.

"சார் யாரு டீச்சர்?"

"புதுசாச் சேர்ந்திருக்கார்."

பிள்ளைகள் சிரித்தார்கள்.

"எத்தனாவது?"

"அது இன்னும் தெரியல."

கனகசபை வேட்டியை ஒதுக்கிக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த பெண் அவருக்கு ஒரு அட்டையும் மழுங்கின கத்தரிக்கோலும் நகர்த்தினாள். அவள் பெயர் அபினயா. பல் இரண்டு விழுந்திருந்தது.

"சார், இங்க ஒரு சட்டம் இருக்கு."

"சொல்லு."

"அடுத்தவங்க செய்யறதுல கை வைக்கக் கூடாது."

"வெச்சா?"

"வெச்சா அது உங்களுது ஆயிரும்."

"அவ்வளவுதானா? அடி கிடி?"

"அடியெல்லாம் இல்ல. உங்களுது ஆயிரும்."

நல்ல சட்டம்தான் என்று கனகசபை நினைத்துக்கொண்டார்.

ரோஸ்லின் டீச்சர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, தனக்கு ஒரு அட்டையை எடுத்துக்கொண்டார். பிள்ளைகளுக்கு அவர் முதுகு மட்டும் தெரிந்தது.

"டீச்சர், என்னது நல்லாருக்கா?"

முதுகு திரும்பவில்லை.

"நான் என் வேலையா இருக்கேன்."

கேட்ட பிள்ளை தன் பன்றியை இப்படியும் அப்படியும் வைத்துப் பார்த்தது. பிறகு வாலைப் பிய்த்துவிட்டு வேறு வால் ஒட்டியது.

கனகசபை ஒரு மானை மனதில் வைத்துக்கொண்டு அட்டையில் கோடு போட்டார். அபினயா ஆடு செய்துகொண்டிருந்தாள். ஆட்டின் ஒரு காது நெற்றியில் இருந்தது. இன்னொன்று கழுத்தருகே தொங்கியது. பசை காயவில்லை. இப்போது நகர்த்தினால்தான் உண்டு.

கை அவரைக் கேட்டுக்கொண்டு போகவில்லை.

காதை மேலே ஏற்றி, இரண்டும் ஒரே மட்டத்தில் வருமாறு அழுத்தினார். அழகாக உட்கார்ந்தது.

அபினயா ஆட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். ஆட்டைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள்.

"இந்தாங்க சார்."

"இல்லம்மா, சும்மா காது மட்டும்..."

"பரவால்ல சார்."

கோபமே இல்லை. நடுவிலிருந்து வேறொரு அட்டையை எடுத்துக்கொண்டாள்.

இந்தப் பக்கம் சுமன். ஜார்க்கண்டிலிருந்து தேயிலை பறிக்க வந்தவர்களின் பிள்ளை. அவன் செய்வது பஸ் மாதிரி இருந்தது.

"மிருகம் செய்யச் சொன்னாங்களேப்பா?"

"மிருகம் பாத்த பஸ் சார். ரோட்டுல காட்டெருமை. பஸ்ஸுக்குப் பயம்."

முன்சக்கரம் பின்சக்கரத்தை விட உயரத்தில் இருந்தது. கனகசபை பேச்சுவாக்கில் அதைக் கீழே இறக்கினார்.

"அது பயந்து தூக்கிருச்சு சார்," என்றான் சுமன். பஸ்ஸை அவர் பக்கம் தள்ளிவிட்டான். "இப்ப பயம் போயிருச்சு. நீங்களே வெச்சுக்கங்க."

அதற்குப் பிறகு ஒரு கோழிக்கு அலகு. ஒரு முயலுக்கு மீசை. யானை ஒன்றின் ஓரத்தில் பிசிறு. நறுக்க ஒரு நொடி கூட ஆகவில்லை. ஒவ்வொன்றும் அவரிடமே வந்து சேர்ந்தது. மான் இன்னும் கோடாகவே இருந்தது.

பிள்ளைகள் உஷாராகிவிட்டார்கள்.

"டேய், சார்கிட்ட உக்காராத."

"பாயை இழுடி."

கொஞ்ச நேரத்தில் அவரைச் சுற்றிப் பாய் காலியாகிவிட்டது. அந்தப் பக்கம் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பயல் மட்டும் எழுந்து வந்தான். கையில் காகித எலி.

"சார், இந்த எலி எனக்குப் பிடிக்கல. கொஞ்சம் தொடறீங்களா?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த முதுகும் லேசாகக் குலுங்கியது.

கனகசபையும் சிரித்துப் பார்த்தார். முழுதாக வரவில்லை.

மதியம், செய்ததையெல்லாம் வராந்தாவில் வரிசையாக வைத்தார்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சீட்டில் பெயர். சுமன் புதிதாக ஒரு பஸ் செய்திருந்தான். அதன் நான்கு சக்கரமும் மேலே இருந்தன. ரோஸ்லின் டீச்சர் செய்தது என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. "தவளையா டீச்சர்?" என்றார்கள். "ஆயிருக்கலாம்," என்றார்.

கனகசபை சார் என்று அபினயா எழுதிவைத்த சீட்டுக்குப் பின்னால்தான் பொம்மைக் கூட்டம் அதிகம். ஆடு, பஸ், கோழி, முயல், யானை, எலி. எல்லாம் நேராக நின்றன. எதிலும் பிசிறு இல்லை.

ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று அதன் முன்னால் வந்து குந்தியது.

"எல்லாம் நீங்களா செஞ்சீங்க?"

"இல்ல கண்ணு."

"அப்ப யாரு?"

கனகசபை ஆட்டைப் பார்த்தார். அதைச் செய்த பெண் அதோ, தண்ணீர்க் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். பெயரும் தெரியும். ஆட்டிலிருந்து அவளிடம் போக ஒரு வழியும் இல்லை.

"யாரு சார்?"

"தெரியல," என்றார்.

குழந்தை அடுத்த வரிசைக்குப் போய்விட்டது.

மூன்று மணி பஸ்ஸுக்கு வழியனுப்ப ரோஸ்லின் வாசல்வரை வந்தார். பனி இறங்கத் தொடங்கியிருந்தது.

"நான் கேட்டதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லலீங்களே டீச்சர்."

"அந்தப் பசுவுல என்ன சரிபண்ணீங்க சார்?"

"காலு. நாலும் வயித்துக்கு அடியில மடிஞ்சு கிடந்துச்சு. ஈர்க்குச்சி வெச்சு நிமித்தி, ஜம்முனு நிக்க வெச்சேன்."

"வேற?"

"கழுத்து பின்பக்கம் திரும்பிக் கிடந்துச்சு. அதையும் நேராக்கினேன்."

"காலு சரியா ஒட்டாமக் கிடந்ததா சார், இல்ல பசு படுத்திருந்ததா?"

கனகசபை பஸ் வரும் வளைவைப் பார்த்தார்.

கத்தரிக்கோல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த அபினயா தலையை நீட்டினாள்.

"படுத்துத்தான் சார் இருந்திருக்கும். எங்க வீட்டுப் பசு பாக்கியம் அப்படித்தான் படுக்கும். கன்னுக்குட்டி பின்னாடி இருந்தா திரும்பிப் பாத்துக்கிட்டே படுக்கும்."

"கன்னுக்குட்டி எதுவும் இல்லியேம்மா."

"அது அவளுக்குத் தெரியும் சார். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வளைவில் ஹார்ன் கேட்டது. ரோஸ்லின் கையைத் தூக்கிப் பஸ்ஸை நிறுத்தினார்.

இறங்கும் வழி முழுக்கக் கனகசபை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார். தலை சுற்றியதா என்று கேட்க யாருமில்லை.

மறுநாள் காலை பிரார்த்தனைக்கு முன்பே அவர் பள்ளிக்கு வந்துவிட்டார்.

தலைமையாசிரியை அறை வாசலில் கண்ணாடி அலமாரி. நடுத்தட்டில், பரிசுக் கோப்பைக்குப் பக்கத்தில், பசு நின்றது. நான்கு கால்களும் ஒரே உயரம். கழுத்து நேராக, எதிரே வருகிறவர்களைப் பார்த்தபடி.

கீழே சீட்டு: பூவிழி, மூன்றாம் வகுப்பு.

அதை எடுத்துவிட்டு வேறொரு சீட்டை வைத்தார்.

அங்கே வந்த தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து படித்தார்.

"என்ன சார் இது? பிள்ளைங்க பரிசுல உங்க பேரு?"

"நான் செஞ்சது மேடம்."

"நீங்க ஒத்தாசை பண்ணீங்க. யாருதான் பண்ணல? ஊர்ல இருக்கிற கண்காட்சியில பாதி வாத்தியார் கைதான். அதுக்காகப் பேரு போட்டுக்குவாங்களா?"

"நான் செஞ்சது மேடம்."

"பரிசைத் திருப்பிக் கேப்பாங்க சார்."

"குடுத்துரலாம்."

"அப்புறம் உங்களை எந்தப் பயிற்சிக்கும் கூப்பிடமாட்டாங்க. ரிட்டயர் ஆகிற நேரத்துல இது எதுக்கு உங்களுக்கு?"

கனகசபை அலமாரியைச் சாத்தினார். அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

தலைமையாசிரியை தலையில் தட்டிக்கொண்டு உள்ளே போனார். ஆனால் சீட்டை எடுக்கவில்லை.

மணி அடித்தது. பிள்ளைகள் வரிசை கலைந்து வராந்தா வழியாக ஓடினார்கள். பூவிழி கடைசியாக வந்தாள். அலமாரியைத் தாண்டும்போது வழக்கம்போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான்கு அடி போய் நின்றாள். திரும்பி வந்தாள்.

கண்ணாடியில் விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள்.

"க... ன... க..."

முழுக்கப் படித்து முடித்து நிமிர்ந்தாள். பின்னால் அவர் நின்றிருந்தார்.

"சார், இது உங்க பசுவா?"

"ஆமாம்மா."

கொஞ்ச நேரம் பசுவைப் பார்த்தாள். அதை இப்போதுதான் முதல்முறை பார்ப்பவள் போல.

"நல்லாருக்கு சார். காலெல்லாம் நல்லா நிக்குது."

"ம்."

"அப்ப என் பசு எங்க சார்?"

கனகசபை இரண்டு கைகளையும் அவள் முன்னால் விரித்துக் காட்டினார்.

அவள் இரண்டு உள்ளங்கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வகுப்புக்குள் போனாள்.

அவர் பின்னாலேயே போக ஒரு காலை எடுத்து வைத்தார்.

உள்ளே, தடித்த அட்டை ஒன்றைக் கத்தரிக்கோல் நறுக்க முடியாமல் நறுக்கும் சத்தம் கேட்டது.

கனகசபை வாசலில் நின்றார். பிறகு வகுப்புக்கு முதுகைக் காட்டி அந்தப் படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.